காலியான கணுக்கள்: ஃபாபா பீன்ஸ் விளைச்சல் எங்கே தொலைகிறது?

அறுவடைக்கு வந்துவிட்ட ஃபாபா பீன்ஸ் செடி ஒன்றைப் பிடுங்கி மேசைமேல் கிடத்திப் பாருங்கள். இலையெல்லாம் கொட்டிப் போய், தண்டும் காயும் கறுத்து, எரிந்து மிஞ்சிய குச்சி மாதிரி இருக்கும். தண்டு நாலு பட்டையாக இருக்கும். அடியிலிருந்து மேலே விரலை நகர்த்தினால் கணுக்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். முதல் ஆறேழு கணுக்களில் இலை இருந்த தடம் மட்டும்தான். அதற்கு மேலேதான் பூத்த கணுக்கள். ஒன்றில் இரண்டு காய், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஒன்றுமே இல்லை. பூங்காம்பு இருந்த சின்னத் தழும்பு மட்டும் மிச்சம். இந்தக் காலிக் கணுவை வாசிக்கத் தெரிந்தால், அந்த வயலில் அந்தப் பருவத்தில் எந்த வாரம் என்ன நடந்தது என்று பாதி தெரிந்துவிடும்.

வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பயிர் ‘ஃபூல்’. காலையில் ரொட்டியோடு வரும் மசித்த பயறு. இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு வீட்டுத் தோட்டத்தில் காய்க்கும் பிராட் பீன்ஸ். எல்லாம் ஒரே இனம்தான். வயலில் விதைப்பது விதை சற்றுச் சிறுத்த ரகங்கள். உலக அளவில் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 2 டன் அளவில் இருக்கிறது. இங்கிலாந்தில் சராசரி 4 டன்னை ஒட்டி நிற்கும். ஆனால் அங்கேயே ஒரே ஊரில், ஒரே ரகத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு விளைச்சல், அந்தப் பக்கம் ஒரு விளைச்சல். ஒரு வருடம் அள்ளிக் கொடுத்த வயல் அடுத்த முறை பாதிகூடத் தராது. பல விவசாயிகள் இதைக் கைவிடுவதற்குச் சராசரி குறைவு என்பதைவிட, நம்பி விதைக்க முடியவில்லை என்பதுதான் காரணம். மண்ணில் நைட்ரஜனைச் சேர்த்துவிட்டுப் போகிற, புரதம் நிறைந்த ஒரு பயிர் இப்படி ஒதுக்கப்படுவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 40 செடி, செடிக்கு 6 காய், காய்க்கு 3 விதை, விதை ஒன்று அரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 கிராம், ஹெக்டேருக்கு 3.6 டன். இப்போது செடிக்கு ஒரே ஒரு காய் கூடட்டும். சதுர மீட்டருக்கு 60 கிராம் ஏறும், ஹெக்டேருக்கு 600 கிலோ. காய்க்குள் எத்தனை விதை என்பது பெரும்பாலும் ரகத்தின் குணம், அதிகம் மாறாது. விதையின் எடை கடைசி மாதத்து ஈரத்தைப் பொறுத்து ஓரளவு மாறும். வருடத்துக்கு வருடம் தாறுமாறாக ஆடுவது காய்களின் எண்ணிக்கைதான்.

காய் குறைவது பூ குறைவதால் அல்ல. ஒரு தண்டில் பத்துக் கணு பூத்து, கணுவுக்கு ஐந்து பூ என்றால் 50 பூ. நல்ல செடியிலேயே அதில் எட்டோ பத்தோதான் காயாகி நிற்கும். மீதி பூவாகவோ பிஞ்சாகவோ விழுந்துவிடும். நம் ஊரில் உளுந்தும் துவரையும் போட்டவர்களுக்குப் பூ உதிர்வது புதிதில்லை. அதைத் தடுக்க 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிப்பது இங்கே வழக்கம். ஃபாபாவில் இந்த உதிர்வு இன்னும் கடுமை. அதற்குக் காரணம் அதன் வளர்ச்சி முறை. கோதுமையில் கதிர் வந்துவிட்டால் தண்டு அதோடு முடிந்தது, அப்புறம் செடியின் சத்தெல்லாம் மணிக்குத்தான். ஃபாபாவில் அடிக் கணுவில் பிஞ்சு பிடிக்கும்போதே நுனி மேலே வளர்ந்துகொண்டிருக்கும். புது இலை, புது தண்டு, புது பூ, கீழே பிஞ்சு, வேரில் நைட்ரஜன் பிடிக்கும் முடிச்சு என்று எல்லாமே ஒரே சர்க்கரைக்குக் கை நீட்டும். வரவு கொஞ்சம் குறைந்தாலும் செடி முதலில் கைவிடுவது இளம் பிஞ்சைத்தான்.

இதனால் பார்க்க முரணாகத் தோன்றும் ஒன்று நடக்கும். பூக்கும் நேரத்தில் மழை தாராளமாகப் பெய்து, மண்ணும் வளமாக இருந்தால், செடி மார்பளவு வளர்ந்து பச்சைப் பசேலென்று நிற்கும். பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். உள்ளே போய் அடித்தண்டை விலக்கிப் பார்த்தால் இருட்டு, அங்கே காய் இருக்காது. வெளிச்சம் எட்டாத கீழ் இலைகள் சர்க்கரை செய்வதை நிறுத்தியிருக்கும், பக்கத்துப் பிஞ்சுகள் பட்டினியில் விழுந்திருக்கும். அப்புறம் ஒரு காற்று வந்தால் செடி சாய்ந்துவிடும். விதையை அடர்த்தியாகப் போட்டால் விளைச்சல் கூடும் என்று நினைப்பவர்களும் இதே இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

பூ காயாவதற்குத் தேனீ வேண்டுமா என்று கேட்டால், ஃபாபா வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பதில் சொல்லாத பயிர். தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும். ஆனால் பூச்சிகள் அண்டாமல் வலை போட்டு மூடினால் விளைச்சல் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. பூ நீளமான குழல் மாதிரி இருக்கும், தேன் அடியில். நாக்கு நீண்ட பம்பிள் தேனீ முன்வாசல் வழியாக நுழையும்போது பூவை அழுத்தித் திறக்கிறது, மகரந்தம் சூலகமுடியில் படுகிறது. நாக்கு குட்டையான பம்பிள் தேனீக்கள் பூவின் அடியில் ஓட்டை போட்டு, பின்வாசல் வழியாகத் தேனை எடுத்துப் போய்விடும். வயலில் உட்கார்ந்து பூக்களின் அடியைப் புரட்டிப் பார்த்தால் அந்தப் பழுப்பு விளிம்பு ஓட்டை கண்ணுக்கே தெரியும். தேனீ நிறைய வருகிறது என்பது மட்டும் போதாது, எந்தத் தேனீ எந்த வழியாக நுழைகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் வேறு ஒன்று. வேறு செடியின் மகரந்தம் சேர்ந்து பிறந்த விதையிலிருந்து முளைக்கும் செடி, தேனீ இல்லாமலே நன்றாகக் காய்க்கும். தன் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாக வந்த செடிக்குத் தேனீயின் தேவை அதிகம். அப்படியானால் போன வருடம் விதைப் பயிர் நின்ற வயலில் தேனீ இருந்ததா என்பது இந்த வருடத்து விளைச்சலையும் தொடும். விதை வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. வெயில் கடுமையாகி மகரந்தம் கெட்டுப்போகும் சமயத்திலும் தேனீயை நம்பும் அளவு கூடுகிறது.

தண்ணீர் விஷயத்தில் ஃபாபா பொறுமைசாலி அல்ல. வேர் பெரும்பாலும் மேல் மண்ணிலேயே இருக்கும், கோதுமை மாதிரி ஆழத்துக்குப் போய் உறிஞ்சாது. பூ தொடங்கி காய் திரளும் வரை உள்ள ஐந்தாறு வாரம்தான் உயிர் நாடி. அந்த நேரத்தில் மண் காய்ந்து, வெப்பம் 30 டிகிரியைத் தொட்டால் மேல் கணுக்கள் வரிசையாகக் காலியாகும். 2018 கோடையில் இங்கிலாந்தில் இதுதான் நடந்தது. மழையற்ற ஜூன், ஜூலையில் மணற்பாங்கான நிலங்களில் செடி முழங்கால் உயரத்திலேயே முடிந்துபோனது. களிமண் நிலங்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

சரி, சீக்கிரமே விதைத்து வறட்சிக்கு முன்னால் காயைப் பிடிக்க வைத்தால் என்ன? அதற்குத்தான் அங்கே அக்டோபர், நவம்பரில் விதைக்கும் குளிர்கால ரகங்கள் இருக்கின்றன. அவை மே மாதத்திலேயே பூக்கும், வறட்சியிலிருந்தும், சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சியிலிருந்தும் ஓரளவு தப்பும். ஆனால் குளிரான மே மாதத்தில் தேனீ வெளியே வராமல் போனால் கீழ்க் கணுக்கள் காலி. கூடவே சாக்லேட் புள்ளி நோய் இந்தப் பயிரைத்தான் தேடி வரும். வசந்தகால ரகத்தை பிப்ரவரி கடைசியிலேயே போடலாம் என்றால், அப்போது மண் ஈரம் காயாது. ஈர மண்ணில் டிராக்டர் இறங்கினால் அடியில் இறுகும் அடுக்கு அந்தப் பருவம் முழுக்க வேரைத் தடுக்கும். காய்வதற்குக் காத்திருந்தால் நாள் தள்ளிப்போய், பூக்கும் காலம் வறட்சியில் மாட்டும். இரண்டு வாரம் முன்னே பின்னே என்கிற இந்த முடிவில்தான் பல வயல்களின் விளைச்சல் தீர்மானமாகிறது. இதற்குப் பொதுவான தேதி கிடையாது, மண்வெட்டியால் ஒரு அடி வெட்டிக் கையில் பிசைந்து பார்க்கத்தான் வேண்டும்.

மண் இறுகினால் பாதிப்பு தண்ணீரோடு நிற்காது. ஃபாபாவுக்கு யூரியா போடுவதில்லை. தனக்கு வேண்டிய நைட்ரஜனில் பெரும்பகுதியை வேர்முடிச்சுகளில் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தருகிறது. ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் பிடிப்பது சாதாரணம். அந்த முடிச்சுக்கு மூச்சு விடக் காற்று வேண்டும். நீர் தேங்கிய, இறுகிய மண்ணில் அது திணறும். செடியை மெதுவாகத் தோண்டி எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசி, ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாமல் கூடாக இருந்தால் கூன்வண்டின் புழு தின்றுவிட்டுப் போயிருக்கிறது. இந்த வண்டின் தாய்ப்பூச்சி இலை ஓரத்தைப் பற்சக்கரம் மாதிரி அரைவட்டமாகக் கடித்து வைக்கும். அதைப் பார்த்துப் பதறி மருந்து அடிக்கிறார்கள். இலைக்கு ஆகும் சேதம் சொற்பம், உண்மையான சேதம் மண்ணுக்குள்ளே. இலையில் கடிவாய் தெரியும்போது முட்டையிடும் வேலை பெரும்பாலும் தொடங்கியிருக்கும்.

நோய்களில் இங்கிலாந்துக்கு முதன்மையானது சாக்லேட் புள்ளி. பொட்ரைடிஸ் ஃபாபே என்னும் பூஞ்சை. இலையில் சாக்லேட் தெறித்த மாதிரி பழுப்புப் புள்ளியாகத் தொடங்கும். பல நாள் விடாத ஈரம், மிதமான வெப்பம் இரண்டும் சேர்ந்தால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து இலையே கருகிவிடும். உதிர்ந்த பூவிதழ் ஈரத்தோடு இலையில் ஒட்டிக் கிடக்கும் இடம் அதற்கு மிகவும் பிடித்த இடம். வறண்ட வருடத்தில் வறட்சி கெடுக்கும், மழை வருடத்தில் இது கெடுக்கும். அதோடு அதிகம் நம்பியிருந்த குளோரோதலோனில் மருந்து 2020-க்குப் பிறகு அங்கே இல்லை. துரு நோய் பிந்தி வரும், அதனால் சேதமும் குறைவு. ஒரே நிலத்தில் பயறுவகையை அடிக்கடி போட்டால் வேரழுகல் சேரும், அதற்காக ஐந்து வருட இடைவெளி சொல்வார்கள்.

இத்தனை காரணமும் சேர்ந்து ஒரு வயலில் விளையாடும்போது, என் வயலில் எது முதன்மை என்பதை ஒரு விவசாயி எப்படிக் கண்டுபிடிப்பது? ஆராய்ச்சிப் பண்ணையின் சின்னப் பாத்தியில் கிடைக்கும் முடிவு அப்படியே அவர் நிலத்துக்குப் பொருந்தாது. ஏடிஏஎஸ் என்ற வேளாண் ஆலோசனை நிறுவனம் 2012 வாக்கில் தானியப் பயிர்களுக்காக விளைச்சல் மேம்பாட்டு வலைப்பின்னல் ஒன்றைத் தொடங்கியது. பிறகு பயறுவகை ஆராய்ச்சி அமைப்பான பிஜிஆர்ஓவோடு சேர்ந்து அதை ஃபாபாவுக்கும் விரித்தார்கள். அந்த நிலத்தில் அந்தப் பருவத்தில் விழுந்த வெயில், மண் பிடித்து வைக்கும் நீர், பெய்த மழை ஆகியவற்றை வைத்து, அதிகபட்சம் எவ்வளவு விளைந்திருக்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். விளைந்தது அதில் எத்தனை சதவீதம் என்பதே அளவுகோல். விவசாயி அறுவடைக்கு முன் ஒரு கட்டு செடியை வெட்டி அனுப்புவார். அதில் கணுக்கள், காய்கள், விதைகள் எண்ணப்படும்.

பக்கத்து ஊர்க்காரரோடு ஒப்பிடுவதைவிட இது நியாயமான ஒப்பீடு என்பது என் எண்ணம். மணல் நிலத்தில் 3 டன் எடுத்தவர், நல்ல களிமண்ணில் 5 டன் எடுத்தவரைவிடத் தன் நிலத்தைச் சிறப்பாகப் பயன்படுத்தியிருக்கலாம். முதலாமவருக்குத் தடை நீர், அவர் கையில் அதிகம் இல்லை. இரண்டாமவருக்கு வெயிலும் நீரும் இருந்தும் பயிர் அவற்றைப் பிடிக்கவில்லை, அங்கேதான் தேட வேண்டும். இலை விரிந்து நிலத்தை மூடுவது தாமதமானதா, இலை நோயில் சீக்கிரமே கொட்டியதா, வேர் போகவில்லையா என்று.

ரகத்தை மாற்றினால் தீர்ந்துவிடாதா என்றால், இனவிருத்தியாளர்களின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. கோதுமைக்குக் காட்டு உறவுகள் உண்டு, அவற்றிலிருந்து நோய் எதிர்ப்பை எடுத்து வரலாம். ஃபாபாவின் காட்டு மூதாதை இன்றுவரை உயிரோடு கிடைக்கவில்லை. நெருங்கிய இனங்களோடு கலப்பும் பிடிப்பதில்லை. அதனால் விவசாயிகள் காத்து வந்த நாட்டு ரகங்கள்தான் இருக்கிற ஒரே சொத்து. அவற்றில் பெரிய தொகுப்பு சிரியாவில் அலெப்போ அருகே, வறண்ட நில வேளாண்மைக்கான சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்கார்டாவின் விதை வங்கியில் இருந்தது. போர் வந்து அந்த இடத்தை விட்டு வெளியேறியபோது, நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைக் கிடங்கில் முன்பே கொடுத்து வைத்திருந்த பல பயிர்களின் நகல்களை 2015-இல் திரும்ப எடுக்கத் தொடங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் மறுபடி பெருக்கினார்கள். ஃபாபாவின் மரபணுத் தொகுதியை வாசித்து முடித்ததே 2023-இல்தான். 1,300 கோடி எழுத்து, மனிதனுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

சீனாவுக்கு அடுத்து அதிகம் விளைவிக்கும் எத்தியோப்பியாவில் இதே பயிர் வேறு இடத்தில் மாட்டுகிறது. அங்கே சராசரி 2 டன் அளவு. ஃபாபா உயர்ந்த மலைப்பீடபூமிப் பயிர், விதைப்பு மழைக்காலத் தொடக்கத்தில். பல இடங்களில் கனத்த கரிசல் மண், மழையில் தண்ணீர் தேங்கி முடிச்சும் வேரும் மூச்சுத் திணறும். இனேவாரி என்ற ஊர்ப் பக்கத்து மக்கள் இதற்குத் தலைமுறைகளாக ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உழுத பிறகு குடும்பத்தோடு வயலில் இறங்கி, பெண்களும் பிள்ளைகளும் கையாலேயே மண்ணை அள்ளி அகல மேட்டுப்பாத்தியும் வாய்க்காலும் அமைப்பார்கள். முதுகு ஒடியும் வேலை. 1980-களில் அங்கிருந்த கால்நடை ஆராய்ச்சி மையம் இரண்டு நாட்டு ஏர்களை இணைத்து, மாடு பூட்டியே இதே பாத்தியைப் போடும் கருவியைச் செய்தது. ஒரு பயிரின் விளைச்சலைத் தடுத்தது குடும்பத்தின் கைவலிமைதான் என்று புரிந்துகொண்டு செய்த வேலை அது.

கரிசல் இல்லாத இடங்களில் வேறு தொல்லை. அந்நாட்டு விளைநிலத்தில் சுமார் 40 சதவீதம் அமில மண். அதில் பாஸ்பரஸ் பூட்டிக்கொள்ளும், ரைசோபியமும் சரியாக வாழாது. நுண்ணுயிர் கலந்த விதையைக் கொடுத்தாலும் மண்ணில் சுண்ணாம்பு போடாவிட்டால் பலன் குறைவு. சுண்ணாம்பு ஹெக்டேருக்குச் சில டன் வேண்டும். மலைப்பாதையில் கழுதை முதுகில் எத்தனை டன் ஏற்ற முடியும்? நல்ல ரகம் பரவுவதும் மெதுவாகத்தான். ஹெக்டேருக்கு 200 கிலோ வரை விதை வேண்டும், விளைவது 2 டன். ஒரு மூட்டை விதைத்தால் பத்து மூட்டை. அங்கே பிரதான தானியமான தெஃப் ஒரு பிடி விதையில் பெருகிவிடும், ஃபாபா அப்படி இல்லை. வந்த நல்ல ரகமும் தேனீக்களால் பக்கத்து வயலோடு கலந்து சில வருடங்களில் குணம் மாறும்.

கடந்த பதினைந்து வருடங்களாக அங்கே இலையிலும் தண்டிலும் பச்சைக் கொப்புளமாக எழும்பும் கழலை நோய் பரவியிருக்கிறது. முதலில் அதை ஒல்பிடியம் என்ற கிருமியின் வேலை என்று நினைத்திருந்தார்கள். பிறகு செய்த மூலக்கூறு ஆய்வில் ஃபிசோடெர்மா என்று தெரிந்தது. பெயர்தானே என்று தோன்றலாம். எந்தக் கிருமி என்று தெரியாமல் அது மண்ணில் எத்தனை காலம் தங்கும், விதையோடு போகுமா, எந்த மருந்து பிடிக்கும் என்று எதையும் சரியாகத் திட்டமிட முடியாது.

எகிப்தின் கதைதான் மனதைப் பிசைகிறது. ஃபூல் அங்கே ஏழைகளின் அன்றாட உணவு. நைல் கரையில் நீருக்கும் வெயிலுக்கும் குறையில்லை. 1991-92 பருவத்தில் அசுவினியால் பரவும் மஞ்சள் கருகல் வைரஸ் ஒன்று பெனி சுவைஃப், மின்யா பகுதிகளில் பயிரை ஏறக்குறைய துடைத்துப் போட்டது. அதைவிட நிலையான எதிரி மண்ணுக்குள் இருக்கிறது. தமிழ்நாட்டில் புகையிலை போட்டவர்களுக்குப் பொகையிலைக் காளானைத் தெரியும். இலையும் பச்சையும் இல்லாமல் வேரில் ஒட்டி உறிஞ்சும் ஒட்டுண்ணி அது. அதன் நெருங்கிய உறவு ஃபாபாவைத் தாக்குகிறது, எகிப்தில் அதை ‘ஹாலூக்’ என்கிறார்கள். விதை தூசி மாதிரி, ஒரு செடியே பல்லாயிரக்கணக்கில் உதிர்க்கும், பத்து வருடத்துக்கு மேல் மண்ணில் காத்திருக்கும். ஃபாபா வேர் கசியவிடும் ஒரு வேதிப்பொருள் பட்டதும் முளைத்து வேரைப் பிடித்துக்கொள்ளும். அது தலைகாட்டும்போது ஃபாபாவில் பிஞ்சு உதிரத் தொடங்கியிருக்கும். சர்க்கரையைக் கேட்கும் கை ஒன்று கூடிவிட்டது, அவ்வளவுதான். விதைப்பைத் தள்ளிப்போட்டால் தாக்குதல் குறையும், கூடவே விளைச்சலும் குறையும். பூக்கும் சமயத்தில் மிகச் சிறிய அளவில் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கிறார்கள், அளவு பிசகினால் ஃபாபாவே போய்விடும். கீசா 402, கீசா 843 என்று தாங்கும் ரகங்கள் வந்தன. ஆனாலும் குளிர்காலத்து நிலத்துக்குக் கோதுமையும் தீவனப் பயிரும் சர்க்கரை பீட்டும் போட்டி போடும்போது, ஹாலூக் ஏறிய வயலில் ஃபாபாவைத் திரும்பப் போட மனம் வருவதில்லை.

அதனால் கெய்ரோவில் இரவெல்லாம் குடுவையில் வேகும் ஃபூலில் பெரும்பகுதி இன்று கப்பலில் வருகிறது, முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து, ஓரளவு இங்கிலாந்திலிருந்தும். இங்கிலாந்திலிருந்து கிளம்புவதிலும் ஒரு சிக்கல். புரூக்கிட் என்ற சின்ன வண்டு இளங்காயின் மேல் முட்டையிடும், புழு விதைக்குள் வளர்ந்து வட்ட ஓட்டை போட்டு வெளியேறும். எடையில் பெரிய நஷ்டம் இல்லை, சாப்பிடத் தகுதியான தரம் போய்விடும். கீழ்க் கணுவில் முதல் பிஞ்சு தெரிந்து, அடுத்தடுத்து இரண்டு நாள் வெப்பம் 20 டிகிரியைத் தொட்டால் மருந்து தெளிக்கும் நேரம் என்று அங்கே வைத்திருக்கிறார்கள். தேனீயும் அதே வெயிலில்தான் அதே பூவுக்கு வரும் என்பதால் தெளிப்பதை மாலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். ஓட்டை விழுந்த சரக்கு எகிப்துக்குப் போகாது, மாட்டுத் தீவன விலைக்கு உள்ளூரிலேயே நின்றுவிடும்.